வளர்ப்பது அப்பாயி, பொறுப்பு யாருடையது?

காவிரிக்கரை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். நான் திருச்சியில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறேன். என் மகளுக்கு இப்போது 11 மாதம் நடக்கிறது. பேறுகால விடுப்பு 26 வாரங்களும் முடிந்து நான் வேலைக்குத் திரும்பியபோது அவளுக்கு ஐந்தரை மாதம். அன்றிலிருந்து என் மாமியார்தான் பகல் முழுவதும் அவளைப் பார்த்துக்கொள்கிறார். அத்தைக்கு 61 வயது. முசிறியில் மாமாவைத் தனியே விட்டுவிட்டு எங்களுக்காக வந்து தங்கியிருக்கிறார்.

சென்ற மாதம் நடந்ததைச் சொல்கிறேன். ஒன்பது மாதம் நிறைந்ததும் போட வேண்டிய தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி ஐந்து வாரங்கள் தள்ளிப்போய்விட்டது. ஊசி அட்டை பீரோவில் என் புடவைகளுக்கு அடியில் இருந்தது. நான் அலுவலகத்தில் ஆண்டுக் கணக்கு முடிக்கும் வேலையில் இருந்தேன். கணவர் நான் சொல்வேன் என்று இருந்தார். அத்தை, "அட்டையில் இருப்பதெல்லாம் படித்தவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிட்டேன்" என்றார். மூவர் இருக்கும் வீட்டில் ஒருவரும் அதை நினைக்கவில்லை. அன்று மாலை நடந்த பேச்சு சற்றுக் கடுமையாகிவிட்டது. நான் அத்தையைக் குறை கூறினேன். நாக்கில் தேன் தடவுவதையும், கைப்பேசியில் பாட்டுப் போட்டுச் சோறூட்டுவதையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். அத்தை மறுமொழி ஏதும் கூறாமல் பாத்திரம் கழுவச் சென்றுவிட்டார். கணவரோ, "நானும் என்னால் முடிந்த உதவியைச் செய்துகொண்டுதானே இருக்கிறேன்" என்றார்.

பிள்ளையைப் பகல் முழுவதும் சுமப்பவர் ஒருவர், பெற்றவர்கள் வேறு இருவர் என்று இருக்கும்போது, எந்தப் பொறுப்பு யாரைச் சேரும்? அத்தையிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது? அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

ஓய்வுபெற்ற செவிலி

முதலில் ஊசியைப் பற்றிய கவலையை விடுங்கள். நான் புதுக்கோட்டை மாவட்டத்தில் கிராம சுகாதாரச் செவிலியராகப் பல ஆண்டுகள் இருந்தவள். அந்த ஊசியின் முதல் தவணையை ஒன்பது மாதம் நிறைந்ததிலிருந்து பன்னிரண்டு மாதத்துக்குள் போட்டுவிட வேண்டும் என்பதே அட்டவணை. தாமதமானால் முன்பு போட்டவை வீணாகிவிடும், எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்பதெல்லாம் இல்லை. தவறியது தெரிந்த உடனே போட்டுவிட்டுத் தொடர வேண்டியதுதான். ஆனால் ஒன்பதாம் மாதத்தில் அந்த ஒன்று மட்டும் இல்லை. நிமோனியாவுக்கான நியூமோகாக்கல் ஊக்கத் தவணையும், போலியோ ஊசியின் மூன்றாம் தவணையும், வைட்டமின் ஏ திரவத்தின் முதல் தவணையும் அதே வேளையில்தான் வருகின்றன. அவையும் போடப்பட்டனவா என்று அட்டையைப் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்தது 16 மாதம் முதல் 24 மாதத்துக்குள் வரும். நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் புதன்கிழமைதான் ஊசி நாள் என்பது அநேகமாக எல்லாருக்கும் தெரிந்திருக்கும்.

தேனைப் பற்றி அத்தையிடம் கோபமாகச் சொல்லாமல் காரணத்தைச் சொல்லுங்கள். ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. தேனில் சில வேளைகளில் பொட்டுலினம் என்ற நுண்ணுயிரின் வித்துகள் இருக்கும். பெரியவர்களின் குடலில் அவை ஒன்றும் செய்ய மாட்டா. குழந்தையின் முதிராத குடலிலோ முளைத்து நஞ்சைச் சுரந்து, உறிஞ்சவும் அழவும்கூட முடியாதபடி தசைகளைத் தளரச் செய்துவிடும். வீட்டு அடுப்பில் காய்ச்சினாலும் அந்த வித்துகள் சாவதில்லை. என் பணிக்காலத்தில் நான் கண்ட வரையில், "ஆகாது" என்று மட்டும் சொன்னால் கேட்காத பாட்டிமார், ஏன் ஆகாது என்று உட்கார்ந்து சொன்னால் மறுநாளே பக்கத்து வீட்டுக்காரியைக் கண்டிக்கப் புறப்பட்டுவிடுவார்கள்.

மூன்று பேரப்பிள்ளைகளின் ஆச்சி

நான் அந்தப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். எனக்கு 66 வயது. சொந்த ஊர் தூத்துக்குடிக்குப் பக்கம். மகளின் பிள்ளைகள் இருவரையும் மகனின் பிள்ளையையும் மாறி மாறிச் சென்னையிலும் பெங்களூரிலும் இருந்து ஏழு ஆண்டுகள் பார்த்துக்கொண்டேன். யாரையும் குறை சொல்லவில்லை; மகிழ்ந்துதான் செய்தேன். இருந்தாலும் சில செய்திகளை இளையவர்கள் அறிந்துகொள்வது நல்லது.

கைப்பேசியைக் காட்டிச் சோறூட்டுவது தவறு என்று எனக்கும் தெரியும். என் பிள்ளைகளுக்கு நான் நிலாவைக் காட்டித்தான் ஊட்டினேன். அப்போது எனக்கு 27 வயது. இடுப்பில் ஒன்றை வைத்துக்கொண்டு, கையில் கிண்ணத்தோடு, வாசலுக்கும் கொல்லைக்கும் பத்து நடை நடப்பேன். இன்று என் பேரன் ஒன்பது கிலோ. எங்கள் மகன் வீடு மூன்றாம் மாடியில் இருக்கிறது. மொட்டை மாடியைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். முழங்கால் இரண்டும் தேய்ந்தவள் அந்தப் பிள்ளையைச் சுமந்துகொண்டு நிலாவுக்கு எங்கே போவது? மருமகள் அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் "சாப்பிட்டானா?" என்று கேட்கும் கேள்விக்கு "சாப்பிட்டான்" என்று சொல்ல வேண்டுமே என்ற அச்சத்தில்தான் அந்தக் கருவி என் கைக்கு வந்தது. அரைக் கிண்ணம் மீந்தாலும் பரவாயில்லை என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால், நான் அதைத் தொட்டிருக்க மாட்டேன்.

இன்னொன்று. குளிர்பதனப் பெட்டியின் மேல் தாள் ஒட்டுவார்கள்: எட்டு மணிக்கு இது, பத்து மணிக்கு அது. அதைப் பார்க்கும்போது மூன்று பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவளுக்கு வேலைக்கு அமர்ந்தவள் போன்ற எண்ணம் வந்துவிடும். வேலைக்கு அமர்ந்தவளுக்காவது ஞாயிற்றுக்கிழமை உண்டு.

காவிரிக்கரை, உங்கள் அத்தை மறுமொழி சொல்லாமல் போனார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் முசிறிக்குப் போய் எத்தனை நாளாயிற்று?

காவிரிக்கரை

ஆச்சி அவர்களுக்கு வணக்கம். எண்ணிப் பார்த்தேன். பொங்கலுக்குப் போனவர், நான்கு மாதங்களுக்கு மேல் ஆகின்றன. மாமாதான் இரண்டு முறை வந்து போனார். நீங்கள் கேட்கும்வரை நான் அதை எண்ணிப் பார்க்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இரட்டையர் தந்தை

என் மனைவியும் நானும் மதுரையில் இருக்கிறோம். எங்களுக்கு இரட்டைப் பிள்ளைகள். உங்கள் கணவர் சொன்ன "உதவி" என்ற சொல்லைத்தான் நானும் ஓராண்டு சொல்லிக்கொண்டிருந்தேன். குளிப்பாட்டுவேன், அணையாடை மாற்றுவேன், இரவில் ஒருவனைத் தோளில் போட்டுத் தூங்க வைப்பேன். ஆகவே நான் நல்ல தகப்பன் என்ற எண்ணம் எனக்கு நிறையவே இருந்தது. ஆனால் எல்லாவற்றையும் மனைவி சொல்லச் சொல்லச் செய்தேன். எந்தச் சட்டை சின்னதாகிவிட்டது, யாருக்கு நகம் வெட்ட வேண்டும், இரும்புச்சத்து மருந்து எத்தனை நாளுக்கு மீதி இருக்கிறது, அடுத்த ஊசி எப்போது என்பதெல்லாம் அவள் தலைக்குள் மட்டுமே இருந்தது. கை வேலையில் பாதியை நான் வாங்கிக்கொண்டேன்; நினைவில் வைத்திருக்கும் வேலையில் கால் பங்குகூட வாங்கவில்லை. அவளுக்குக் களைப்பு அந்த இடத்திலிருந்துதான் வந்தது.

பிறகு வேலையைப் பிரிக்காமல் துறையைப் பிரித்துக்கொண்டோம். மருத்துவம் முழுவதும் என்னுடையது: ஊசி, காய்ச்சல், மருந்து, மருத்துவரிடம் போவது, எடை குறித்து வைப்பது. அவள் நினைவூட்டக் கூடாது என்பது உடன்பாடு. முதல் இரண்டு மாதம் தடுமாறினேன். ஒரு நள்ளிரவில் மூத்தவனுக்குக் காய்ச்சல். பாராசிட்டமால் 5 மில்லி கொடுக்க வேண்டும் என்று மனத்தில் பதிந்திருந்தது. மூடியைத் திறந்து அளந்தும்விட்டேன். விளக்கைப் போட்டுப் பார்த்தால் கையில் இருப்பது சிரப் அன்று, சொட்டு மருந்து. சொட்டு மருந்தில் ஒரு மில்லிக்கே 100 மில்லிகிராம்; சாதாரணக் குழந்தைச் சிரப்பில் 5 மில்லிக்கு 120 அல்லது 125 மில்லிகிராம்; அதே சிரப்பிலேயே 250 மில்லிகிராம் கொண்டதும் கடையில் இருக்கிறது. நான் அளந்து வைத்திருந்தது கொடுக்க வேண்டியதைப் போல நான்கு மடங்கு. கை நடுங்கியது. மறுநாளே வீட்டில் இருந்த மூன்று புட்டிகளில் இரண்டை அகற்றிவிட்டு, மிஞ்சியதன்மேல் பிள்ளைகளின் எடையையும் அந்த எடைக்கு மருத்துவர் சொன்ன அளவையும் எழுதி ஒட்டினேன். அளவு வயதுக்கு அன்று, எடைக்கு என்பதை அன்றுதான் உண்மையில் கற்றேன்.

உங்கள் கணவர் சில தவறுகளைச் செய்தே பழக வேண்டும். தடுமாறுகிறாரே என்று நீங்கள் இடையில் புகுந்தால், துறை உங்களிடமே திரும்பிவிடும்.

பழைய காலத்தவர்

எல்லாவற்றையும் துறையாகவும் கணக்காகவும் பிரிப்பதைப் படிக்கும்போது வியப்பாக இருக்கிறது. எங்கள் காலத்தில் பன்னிரண்டு பேர் இருந்த கூட்டுக் குடும்பத்தில், எந்தப் பிள்ளை யார் கையில் வளர்ந்தது என்றே தெரியாது. யாரும் அட்டை பார்க்கவில்லை, கணக்கு வைக்கவில்லை. பிள்ளைகள் தாமாக வளர்ந்தார்கள். குடும்பம் சிறுத்ததுதான் இத்தனைக்கும் காரணம் என்பது என் கருத்து.

மூன்று பேரப்பிள்ளைகளின் ஆச்சி

ஐயா, தாமாக வளர்ந்ததாகத் தோன்றுவது திண்ணையிலிருந்து பார்த்ததால். அப்படிப்பட்ட வீட்டில்தான் நானும் பிறந்தேன்; எட்டுப் பிள்ளைகளில் மூத்தவள். தம்பி தங்கைகளுக்குத் தொட்டில் ஆட்டுவதற்காக ஐந்தாம் வகுப்போடு என்னை நிறுத்தினார்கள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பாண்டி விளையாடியவள் நான். பொறுப்பு யாருடையது என்று தெரியாமல் இல்லை. அது பத்து வயதுப் பெண்பிள்ளையின் இடுப்பில் இருந்தது. அட்டை பார்க்காத அந்தக் காலத்தில் எங்கள் அம்மா பெற்றது பத்து என்பதையும், நாங்கள் எட்டுப் பேர்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

பழைய காலத்தவர்

அம்மா, என் அக்காவும் ஆறாம் வகுப்போடு நின்றவர்தான். அதற்குக் காரணம் என்னவென்று நான் இதுவரை யாரிடமும் கேட்டதில்லை. அவர் இன்று இல்லை. நான் எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

வழக்காடுமன்றத் தோழி

சட்டம் எங்கே நிற்கிறது என்பதையும் பார்த்துவிடுவோம். மகப்பேற்று நலச் சட்டத்துக்கு 2017 ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தம், விடுப்பை 12 வாரங்களிலிருந்து 26 வாரங்களாக உயர்த்தியதோடு நிற்கவில்லை. ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனம் குழந்தைக் காப்பக வசதி செய்து தர வேண்டும். தாய் நாளொன்றுக்கு நான்கு முறை அங்கே சென்று பிள்ளையைப் பார்த்து வரலாம். இந்தப் பயன்களைப் பெண்ணைப் பணியில் அமர்த்தும்போதே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை பாலூட்டுவதற்கென இரண்டு இடைவேளைகள் 1961 ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே உண்டு. 2020 ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் 26 வார விடுப்பையும் ஐம்பது பேர் என்ற காப்பக வரம்பையும் அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறது. காவிரிக்கரை, உங்கள் அலுவலகத்தில் எத்தனை பேர்?

தந்தைக்கோ, மத்திய அரசு ஊழியர்களுக்கு 15 நாள் விடுப்பு உண்டு. தனியார் நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தும் மத்தியச் சட்டம் எதுவும் இல்லை. விடுப்பே கொடுக்காமல் பொறுப்பை மட்டும் எதிர்பார்ப்பது எப்படி என்று ஆண்கள் கேட்டால், அதில் நியாயம் இருக்கிறது.

இதில் ஒரு முரணைப் பார்க்கிறேன். 1956 ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம், இயற்கைக் காப்பாளர் தந்தை, அவருக்குப் பின் தாய் என்கிறது. ஐந்து வயது நிறையாத பிள்ளை மட்டும் வழக்கமாகத் தாயின் வசம் இருக்கும் என்கிறது. மகனின் பெயரில் ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்க விண்ணப்பித்த கீதா ஹரிஹரனின் கையெழுத்து ஏற்கப்படாமல் போய், அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. "அவருக்குப் பின்" என்பதற்கு "அவர் இறந்த பின்" என்று மட்டும் பொருள் கொள்ளக் கூடாது, தந்தை உயிரோடு இருந்தும் பிள்ளையின் பராமரிப்பில் இல்லாத நிலையையும் அது குறிக்கும் என்று 1999 இல் தீர்ப்பு வந்தது. ஐந்து வயதுவரை கழுவித் துடைக்கும் கடமை தாய்க்கு, கையெழுத்திடும் தகுதி தந்தைக்கு என்று எழுதி வைத்தவர்களுக்கு இவை இரண்டும் ஒரே பொறுப்பின் இரு பாதிகளாகத் தோன்றவில்லை போலும்.

காவிரிக்கரை

எங்கள் அலுவலகத்தில் 43 பேர். ஏழு பேர் குறைவதால் காப்பகம் இல்லை. 50 ஆகாமல் பார்த்துக்கொள்கிறார்கள் என்று நாங்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அது வேடிக்கைதானா என்று இப்போது ஐயமாக இருக்கிறது.

மையப் பணியாளர்

நான் ஓர் அங்கன்வாடி மையத்தில் பணியாற்றுகிறேன்; எங்கள் ஊரில் இன்னும் பால்வாடி என்றுதான் சொல்வார்கள். அப்பாயி, ஆச்சி, கணவர் என்று பேசுகிற வீடுகளைப் படித்துக்கொண்டு வரும்போது, இவர்களில் ஒருவருமே இல்லாத தாய்மார் என் நினைவுக்கு வருகிறார்கள். எங்கள் பகுதியில் பின்னலாடை நிறுவனங்களுக்குப் போகும் பெண்கள் மிகுதி; பாதிப் பேர் வெளி மாவட்டங்களிலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

1975 அக்டோபர் 2 அன்று தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சிப் பணித் திட்டம், ஆறு வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கானது. ஆறு மாதம் முதல் இணை உணவு மாவு கொடுக்கிறோம், எடை பார்க்கிறோம். ஆனால் பகலில் மையத்தில் வந்து அமர்ந்து உண்டு உறங்குவது இரண்டு வயது நிறைந்த பிள்ளைகள்தான். சோறு, வாரத்தில் மூன்று நாள் முட்டை, பாட்டு, பகல் தூக்கம் எல்லாம் அவர்களுக்கு. ஆறு மாதத்துக்கும் இரண்டு வயதுக்கும் இடைப்பட்ட அந்த ஒன்றரை ஆண்டுதான் பெரும் பள்ளம். தவழத் தொடங்குவதும், தண்ணீர் வாளிக்குள் தலைகுப்புற விழுவதும், நிலக்கடலையை விழுங்கி மூச்சடைப்பதும் அந்த ஒன்றரை ஆண்டில்தான். அந்த வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்று, "மாலை ஆறு மணிவரை வைத்துக்கொள்ளுங்கள் அக்கா" என்று கேட்பவர்களிடம் நான் என்ன சொல்வது? மையத்தில் இருப்பது நானும் ஓர் உதவியாளரும் 22 பிள்ளைகளும்.

2005 ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டத்தில், பணியிடத்துக்கு ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஐவரோ மேலோ வந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்தி அதே கூலியைக் கொடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். மண் வெட்டுவதற்கும் பிள்ளை பார்ப்பதற்கும் ஒரே கூலி என்று எழுத்தில் இருந்த இடம், எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். எங்கள் ஊர் வேலைத்தலத்தில் வேப்பமரத்தில் கட்டிய தூளியும், அதற்குக் கீழே ஒரு வயதான அம்மாவும் சில நாட்கள் இருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

இரட்டையர் தந்தை

மையப் பணியாளர் எழுதியதைப் படித்தபின், நான் துறை பிரித்ததைப் பெருமையாக எழுதியது சற்றுக் கூச்சமாக இருக்கிறது. பிரித்துக்கொள்ள இருவர் இருந்ததால் பிரித்தோம்.

ஓய்வுபெற்ற செவிலி

வாளியைப் பற்றி அவர் சொன்னது மிக முக்கியமானது. குளியலறையில் ஒரு சாண் தண்ணீர் இருந்தாலே போதும். தலை கனத்த பிள்ளை குப்புற விழுந்தால் தானாக எழ முடியாது, கூச்சலும் வெளியே வராது. காவிரிக்கரை, உங்கள் மகளுக்கு எழுந்து நிற்கும் வயது. இரவே வாளிகளைக் கவிழ்த்து வைக்கும் வேலையை அத்தையிடம் விடாமல் நீங்கள் இருவரும் செய்யுங்கள். நடைவண்டி என்ற பெயரில் விற்கும் சக்கரம் வைத்த வளையத்தையும் வாங்காதீர்கள். பிள்ளை அதில் விரைவாக நடந்துவிடும் என்பது தவறான எண்ணம். படிக்கட்டில் உருண்டு விழும் விபத்துகளால் கனடா நாடு 2004 இல் அதன் விற்பனையையே தடை செய்துவிட்டது. நம் தாத்தாக்கள் செய்து கொடுத்த மூன்று சக்கர மர நடைவண்டி வேறு; அதைப் பிள்ளை தானே நின்று தள்ள வேண்டும்.

காவிரிக்கரை

மூன்று வாரங்களுக்குப் பின் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த இழையைக் கணவரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். அவர் இரட்டையர் தந்தை எழுதியதை இரண்டு முறை படித்ததாகத் தெரிகிறது. வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் ஊசி அட்டையைக் கேட்டு வாங்கித் தம் அலுவலகப் பையில் வைத்துக்கொண்டார். விடுபட்டிருந்த வைட்டமின் ஏ திரவத்தை அடுத்த புதன்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்து அவரே அழைத்துச் சென்று கொடுத்து வந்தார். என்னை அழைக்கவில்லை. போகும்போது மாற்று உடை எடுத்துச் செல்ல மறந்து, ஈரச் சட்டையோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

அத்தையிடம் முதலில் மன்னிப்புக் கேட்டேன். தேனைப் பற்றிச் செவிலி அம்மா சொன்ன விதத்திலேயே சொன்னேன். "இதை ஒன்பது மாதத்துக்கு முன்பே சொல்லியிருந்தால் தொட்டிருப்பேனா?" என்று கேட்டார். நான் சொல்லவில்லை என்பது உண்மைதான். கூடாது என்று எங்கோ படித்திருந்தேன், அவர் கொடுப்பார் என்று எண்ணவில்லை. ஆச்சி கேட்ட கேள்வியை மனத்தில் வைத்து, அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டபோது, நெடுநேரம் ஒன்றும் வேண்டாம் என்றவர், பிறகு சனிக்கிழமை காலை முசிறிப் பேருந்து ஏறினால் ஞாயிறு இரவு திரும்பிவிடலாம் என்றார். இரண்டு வாரங்களாகப் போய் வருகிறார். அந்த இரண்டு நாளும் பிள்ளையைத் தனியே பார்த்த பிறகுதான், வாரத்தின் மற்ற ஐந்து நாளும் அவர் மதியம் உண்பது எத்தனை மணிக்கு என்பது எனக்குத் தெரிந்தது.

சோறு மீந்தாலும் பரவாயில்லை என்று சொல்லிவிட்டேன். மதிய வேளையில் கைப்பேசி இல்லை; அரைக் கிண்ணம் மீந்துபோகிறது, சில நாள் முழுக் கிண்ணமும். மாலை வேளையில் மட்டும் அது இன்னும் போகவில்லை. அந்த வேளையில் ஊட்டுவது அத்தை அன்று, நான்.